நாற்பத்திரண்டாவது பேர்

ஜனவரி 2, வியாழன்

பெயிண்டுக் கடைக்காரர் புது நாள்காட்டி குடுத்தார். தினம் ஒரு தாள் கிழிக்கிற நாள்காட்டி. முன்பக்கம் நல்ல நேரம், எமகண்டம், ராசி பலன். பின்பக்கம் வெள்ளையா சும்மா கிடக்குது. நேத்துத் தாளைக் கசக்கப் போனேன். இவ்வளவு இடத்தை வீணாக்குவானேன்னு எடுத்து வச்சேன்.

பேச ஆள் இல்லாத குறைக்கு இதுல எழுதலாம். எங்க வீட்டுக்காரர் அக்டோபர்லேர்ந்து வாயைப் பூட்டிட்டார். நாலு கேள்வி கேட்டா ஒரு 'ம்' வருது. மனுஷன் ஓட்டுறது ஷேர் ஆட்டோ. ஏறுறவங்களுக்கும் 'ம்'தான் சொல்றாரா, எங்க இறங்கணும்னு எப்படிக் கேக்குறார்னு எனக்குப் புரியலை. நான் அப்படி இல்லை. சம்பூர்ணம் ஒரு நாள் வாயை மூடினா அன்னைக்கு மேல்பனந்தாங்கலுக்குப் பஸ்ஸே வராதுன்னு ஊர்ல சொல்லுவாங்க.

மூணாங்கிளாஸ் வரைக்கும் போனேன். மிச்சம் படிச்சதெல்லாம் பட்டாளக் கல்லுல. அதனால என் எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேராம, அட்டென்ஷன்ல நிக்கிற மாதிரி தனித்தனியா நிக்கும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும். யாரும் படிக்கப் போறதில்லை.

கத்திரிக்காய் புளிக்குழம்பு. சோறு மூணு பேருக்கு வச்சிட்டேன். தண்ணி ஊத்தி வச்சேன்.


ஜனவரி 4, சனி

கல்லு வேலை ஆரம்பிச்சேன்.

பஸ் ஸ்டாண்டு எதிர்ல, வேப்ப மரத்துக்குப் பக்கத்துல நிக்குது பட்டாளக் கல்லு. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போயிருப்பாங்க. போய்த் திரும்பாதவங்க பேர் எல்லாம் அந்தக் கல்லுல வெட்டியிருக்கு. மொத்தம் நாப்பத்தொண்ணு. வெள்ளைக்காரன் காலத்துல கப்பல் ஏறினவங்கள்லேர்ந்து பட்டு அக்கா மகன் சேகரன் வரைக்கும். வெட்டின எழுத்துக்குள்ள இருக்கிற கருப்புப் பெயிண்டு வெயிலுக்கு உரிஞ்சு போயிடும். வருஷா வருஷம் ஜனவரி இருபத்தாறுக்குள்ள அதை நிரப்புறது என் வேலை. பதினெட்டு வருஷமா செய்யறேன். எங்கப்பா கடைங்களுக்கு போர்டு எழுதினவர். கை நடுங்காம இருக்கிறது அவர் வழி.

முதல்ல சோப்புத் தண்ணி போட்டுப் பழைய பல்லு விளக்குற பிரஷ்ஷால தேய்க்கணும். துடைப்பக் குச்சியால எழுத்துக்குள்ள இருக்கிற மண்ணைக் கிளறி எடுக்கணும். காய்ஞ்சதும் பெயிண்டு. பாதி காயுறப்ப மண்ணெண்ணெய்த் துணியால ஒரே இழுப்பு. மேல வழிஞ்சது போயிடும், பள்ளத்துல இருக்கிறது மட்டும் நிக்கும்.

ஆறாவது வரி சிப்பாய் கண்ணுசாமி மேல இந்த வருஷமும் காக்கா எச்சம். "கல்லுல நாப்பத்தொரு பேர் இருக்க, உன் மேல மட்டும் அதுக்கு இன்னாய்யா அவ்ளோ பாசம்"னு கேட்டுக்கிட்டே கழுவினேன். பதினொண்ணாவது வரி லான்ஸ் நாயக் வெங்கடாஜலபதிக்கு எழுத்து அதிகம், பெயிண்டு குடிக்கிற ஆளு. இவங்களையெல்லாம் நான் பார்த்தது இல்லை. ஆனா யாருக்கு எந்த எழுத்துல கல்லு பேந்திருக்குன்னு தெரியும்.

மகன் பட்டாளத்துல இருக்கிற பொம்பளைங்க இந்தக் கல்லுக்கு முன்னாடி நடக்க மாட்டாங்க. பின்பக்கமா, சாக்கடை ஓரமா சுத்திப் போவாங்க. நானும் ஆறு வருஷம் சுத்திப் போனேன். வேலை செய்யற நாள்ல மட்டும் ஒரு கும்பிடு போட்டு, "வேலைக்கு வந்தேன், வேற எதுக்கும் இல்லை"ன்னு சொல்லிட்டுத் தொடங்குவேன்.

இப்ப சுத்த வேண்டியதில்லை. நேரா போறேன். பஸ்ஸுக்கு அதுதான் கிட்டத்து வழி.


ஜனவரி 5, ஞாயிறு

துணி துவைச்சேன். மகன் கம்பளியும் சேர்த்து. காயலை.


ஜனவரி 7, செவ்வாய்

சுபேதார் எதிராஜ் மாமா வந்தார். முன்னாள் ராணுவத்தார் சங்கத்துக்குத் தலைவர். எங்கம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. எழுபத்தாறு வயசுல இன்னும் செருப்பைக் கழட்டி வாசல்ல நேர்க்கோட்டுல வைக்கிறவர்.

"சம்பூர்ணம், கல்லு வந்துடுச்சிம்மா. வேலூர்லேர்ந்து நேத்து எறக்கினாங்க."

"உங்க கிட்னியிலேர்ந்து ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்களே, அந்தக் கல்லா மாமா?"

மாமா சிரிக்கலை. "கொணாவுக்குக் கல்லு"ன்னார்.

பழைய கல்லுல இடம் தீர்ந்து போச்சு. சேகரன் பேர்தான் கடைசி வரி. அதனால பக்கத்துலயே நிறுத்த ஒரு புதுப் பலகைக் கல்லு செய்யச் சொல்லியிருக்கார். அதுல முதல் பேர் என் மகன் பேர். குணசீலன். வடக்க பனி மலைப் பக்கத்துல இருந்தான். அக்டோபர் பதினொண்ணாம் தேதி போயிட்டான். டியூட்டில இருக்கிறப்பன்னு மாமா சொன்னார்.

அவனை வச்ச பெட்டி வந்தப்ப அது கூட பட்டாளத்துக்காரங்க நாலு பேர் வந்தாங்க. பட்டாள மரியாதைக்குக் கொம்பு ஊதலை. வானத்தைப் பார்த்துச் சுடலை. கொம்பு ஊதுறவருக்குக் காய்ச்சலாம், துப்பாக்கி வர வேண்டிய வண்டி வழியில நின்னு போச்சாம். மாமா ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொன்னார். எங்க ஊர்ல பட்டாளத்துலேர்ந்து வந்தவங்க நூத்துச் சொச்சம் பேர். ஒருத்தரும் திருப்பி ஒரு கேள்வி கேக்கலை. நல்ல ஊரு.

இருபத்தாறாம் தேதி கொடி ஏத்தினதும் மாமா கல்லு முன்னாடி நின்னு பேர் கூப்பிடுவார். பட்டாளத்துல காலையில ஆஜர் எடுப்பாங்களே, அது மாதிரி. ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு ஆளுங்க "இருக்கார்"னு பதில் குடுக்கணும். வீடு அத்துப் போனவங்களுக்கு ஊரே சேர்ந்து சொல்லும். பதினெட்டு வருஷமா மோர் ஊத்திக்கிட்டே கேட்டிருக்கேன்.

பாத்திரம் கழுவுறப்ப சொல்லிப் பார்த்தேன். "இருக்கார்"னு சொன்னா வேற யாரையோ சொல்ற மாதிரி இருக்கு. பட்டு அக்கா "இருக்கான்"னுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்லிடலாம். வருஷத்துக்கு ஒரு தரம் ஊரே கேக்க ஒருத்தர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறாங்க. அது போதும்.


ஜனவரி 9, வியாழன்

சங்கத்து ரூம்புல போய்ப் பார்த்தேன். சாக்கு போட்டு மூடி, சுவத்துல சாத்தி வச்சிருக்கு. இடுப்பு உயரம். மேல ஒரே ஒரு வரி. "42. சிப்பாய் ம. குணசீலன்."

வெட்டு நல்ல ஆழம். பெயிண்டு நாலு வருஷம் தாங்கும். ணகரத்துல கடைசிச் சுழியை மட்டும் அவசரமா வெட்டியிருக்கான். "கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள தனிக் குடித்தனம் வந்துட்டியாடா"ன்னு கேட்டேன். பக்கத்துல நின்ன சங்கத்து வாட்ச்மேன் மூஞ்சைத் திருப்பிக்கிட்டார். முன்னெல்லாம் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார் அவர்.

கீழ ஒன்பது வரிக்கு இடம் விட்டிருக்கு. அதை நான் பார்க்காத மாதிரி வந்துட்டேன்.


ஜனவரி 11, சனி

கன்னி ராசிக்கு ஆதாயம்னு போட்டிருந்தது. காஸ் சிலிண்டர் வந்தது.

பழைய கல்லுல இருபத்தஞ்சு வரி முடிச்சாச்சு.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்க வீட்டுல இந்த வருஷம் கிடையாது. பானை வைக்கலை, கோலம் போடலை. இட்லி ஊத்தினேன்.

பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்த பசங்க தெருவுல மொட்டைத் தலை மாதிரி முடி வெட்டிக்கிட்டு நடக்குறாங்க. என்னைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கினான் ஒருத்தன். "ஏன்டா, நான் என்ன ஜெனரலா, இறங்கி நிக்குற"ன்னேன். இறங்கினவன் ஏறவே இல்லை. தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கிட்டே போனான்.

பதினோரு மணிக்குப் பட்டு அக்கா ஒரு கிண்ணத்துல பொங்கல் எடுத்துக்கிட்டு வந்தது. என்னைவிட எட்டு வயசு மூப்பு. சேகரன் போய் இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. வந்தா லேசுல உக்காராது, நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னே பேசும். இன்னைக்கு உக்கார்ந்தது.

"சக்கரை ஜாஸ்தியா இருக்கே அக்கா, என்னைச் சக்கரை வியாதியில சாகடிக்கப் பார்க்குறியா"ன்னேன்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் சம்பூர்ணம். கோச்சிக்கக் கூடாது."

"கேளு. கோச்சிக்கிட்டா கிண்ணத்தைத் திருப்பித் தரமாட்டேன், அவ்ளோதான்."

"அந்தக் கல்லுல உன் புள்ள பேர் வெட்டியிருக்காமே."

"ஆமா."

"உன் புள்ளைக்குக் கொம்பு ஊதலையேடி."

ஊதுறவருக்குக் காய்ச்சல்னு சொன்னேன். அக்கா என் மூஞ்சையே பார்த்துக்கிட்டு இருந்தது.

"எம் புள்ளைக்கு ஊதினாங்க. சுட்டாங்க. எனக்குத் தெரியும் எதுக்கு ஊதுவாங்க, எதுக்கு ஊத மாட்டாங்கன்னு. தன் உசுரைத் தானே மாய்ச்சுக்கிட்டவனுக்குத்தான் ஊத மாட்டாங்க. உனக்கும் தெரியும். எதிராஜுக்கும் தெரியும். இந்த ஊர்ல ஆட்டுக்குட்டிக்குக் கூடத் தெரியும்."

நான் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

"எம் புள்ள குண்டடி பட்டுச் செத்தான் சம்பூர்ணம். அவன் பேருக்குப் பக்கத்துல ஒரு பேர் நின்னா அது அப்படிச் செத்ததா இருக்கணும். நான் சொல்றது உனக்குப் பொல்லாப்பா தெரியும். ஆனா சொல்லாம இருக்க என்னால முடியல."

"பக்கத்துல இல்லக்கா, வேற கல்லு அது"ன்னேன். "நடுவுல ஒரு அடி சந்து இருக்கு. உம் புள்ள வேணும்னா திரும்பி நின்னுக்கட்டும்."

அக்கா எழுந்து போயிடுச்சு. கிண்ணத்தை மறந்து வச்சிட்டுப் போயிடுச்சு. பொங்கல் நல்லாத்தான் இருந்தது.


ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லை. வீட்டுக்காரர் ஆட்டோவுக்கும் மாலை போடலை.


ஜனவரி 17, வெள்ளி

முப்பத்தெட்டாவது வரியில இருந்தேன். மாமா கல்லுக்குப் பின்னாடி வந்து நின்னார். முன்னாடி வரலை. மாமாவுக்குப் பின்பக்கமா வர வேண்டிய அவசியம் ஒண்ணும் இல்லை. மகன் பாங்குல இருக்கான்.

"இன்னா மாமா, கல்லு ஓரம் ஒதுங்கறீங்க. கழுவி வச்சிருக்கேன், அசிங்கம் பண்ணிடாதீங்க."

"இல்லம்மா. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு."

சங்கத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. எங்க ஊர்ப் பெரியவங்க போட்டது. சண்டையில செத்தான்னு பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸ்லேர்ந்து காகிதம் வந்தாத்தான் பேர் வெட்டணும். காகிதம் வர்றதுக்கு முன்னாடியே மாமா கல்லை வெட்டச் சொல்லிட்டார். அக்டோபர்ல நான் இருந்த இருப்பைப் பார்த்துட்டு மறுநாளே வேலூருக்குப் போய்ச் சொல்லிட்டாராம். இத்தனை வருஷத்துல மாமா சட்டத்தை மீறினது இது ஒண்ணுதான் இருக்கும்.

"காகிதம் வந்துடுச்சா மாமா"ன்னு கேட்டேன்.

"இன்னும் வரல. வரும். வராட்டியும் நான் பார்த்துக்கறேன். நீ பெயிண்டு எவ்ளோ வேணும்னு மட்டும் சொல்லு."

சட்டைப் பையில பழுப்புக் கவர் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தது. சர்க்கார் முத்திரை. மாமா அதை உள்ளங்கையால மூடிக்கிட்டே பேசினார். நெஞ்சு வலின்னு நினைச்சு வாட்ச்மேன் தண்ணி கொண்டாந்தார்.

நாப்பத்தொண்ணும் முடிச்சிட்டேன். சேகரன் பேருக்கு ரெண்டு பூச்சு குடுத்தேன்.


ஜனவரி 18, சனி

வீட்டுக்காரர் ஆட்டோ கழுவிக்கிட்டு இருந்தார். பக்கெட்ல தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன்.

"மாமா பையில கவர் இருந்தது டிரைவர் சார்."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

துணியைப் பிழிஞ்சு கண்ணாடி மேல போட்டார். "பெட்டி கூட வந்த ஆபீசர் சாப் அன்னைக்கே தனியா கூப்டுச் சொன்னார். உனக்குத் தெரிய வேணாம்னுதான் நான்..."

"எனக்கும் அன்னைக்கே தெரியும்."

மூணு மாசத்துல அவர் பேசின பெரிய பேச்சு அதுதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டோவைக் கழுவினோம். பின் சீட்டுக்கு அடியில யாரோ விட்டுட்டுப் போன கொலுசுத் திருகு ஒண்ணு கிடைச்சது. எடுத்து வச்சிருக்கேன், கேட்டு வந்தா குடுக்கலாம்.


ஜனவரி 20, திங்கள்

தலைவலி. ரசம் சோறு.


ஜனவரி 21, செவ்வாய்

குழாயடியில பட்டு அக்கா என் குடத்துக்குப் பின்னாடி அதோட குடத்தை வச்சுது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு குடம் போக இடம் விட்டு வச்சுது. பொங்கல்லேர்ந்து நாங்க பேசிக்கலை. நான் யார்கிட்டயும் பேசாம இருந்ததே கிடையாது, எப்படி இருக்கிறதுன்னும் தெரியலை. அதனால குழாய்கிட்ட பேசினேன். "ஏன் குழாயே இவ்ளோ மெதுவா வர்ற, உனக்கும் ஏதாவது கோவமா"ன்னு.

அக்கா அதோட குடத்தைக் கழுவிக்கிட்டே சொன்னது. "நாளைக்குச் சங்கத்துல கூட்டமாம். என்னையும் வரச் சொல்லி எதிராஜ் வந்தாரு. எங்கிட்ட அழுதாரு சம்பூர்ணம். அந்த ஆம்பள அழுது நான் பார்த்ததே இல்லை."

"நீ இன்னா சொன்ன?"

"வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். நான் எதுக்கு நடுவுல."

குடத்தைத் தூக்கி என் இடுப்புல வச்சு விட்டுட்டு அது போயிடுச்சு.

ஆக, பேர் நிக்கப் போகுது. இன்னும் அஞ்சு நாள்.


ஜனவரி 22, புதன்

கூட்டம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. சங்கத்துல பதினோரு பேர். நான், பட்டு அக்கா, கதவுகிட்ட எங்க வீட்டுக்காரர். சாக்கைக் கழட்டிப் புதுக் கல்லை நடுவுல நிறுத்தியிருந்தாங்க.

மாமா எழுந்து நின்னார். காகிதம் வரத் தாமதமாகுது, ஆனா கல்லு தயார், இந்த வருஷமே நிறுத்திடலாம்னு சொன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. யாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலை. பெரிய பெரிய மீசை வச்ச ஆளுங்க. சண்டைக்குப் போய் வந்தவங்க. பதினோரு பேரும் எனக்காகச் சேர்ந்து ஒரு பொய் சொல்றாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி உக்கார்ந்துக்கிட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலை.

"சம்பூர்ணம், இருபத்தாறாம் தேதி கூட்டத்துல உனக்குப் பேச்சு வராம போயிடும். ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்க"ன்னு மாமா நிமிர்ந்து நின்னார். கையைப் பேண்ட் ஓரத்துல ஒட்டிக்கிட்டார். "சிப்பாய் குணசீலன்."

நான் எழுந்து நின்னேன். வீட்டுல எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்த வார்த்தை. வாய் திறந்தே இருந்தது.

மாமா திரும்பவும் கூப்பிட்டார். "சிப்பாய் குணசீலன்."

நான் வேற ஒண்ணைச் சொன்னேன். அதை இங்க எழுதணுமான்னு தெரியலை. அவ்வளவு பேர் முன்னாடி சொல்லியாச்சு, காகிதத்துக்கு என்ன.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை சாயங்காலம் அவன் போன் பண்ணினான். நான் முருங்கைக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். "அம்மா, என்னால முடியலம்மா. விட்டுட்டு வந்துடட்டுமா"ன்னான். நான் எல்லார்கிட்டயும் பேசுற மாதிரிதான் அவன்கிட்டயும் பேசினேன். "வாடா ராசா. பட்டு அக்கா புள்ள கல்லுல நிக்கிறான், எம் புள்ள கட்டில்ல படுத்துக்கிறான்னு ஊர் பூரா தம்பட்டம் அடிக்கிறேன்"னேன். அவன் சிரிச்சான். ரொம்ப நேரம் சிரிச்சான். சரிம்மா வக்கிறேன்னான். எனக்குச் சந்தோஷமா இருந்தது, பிள்ளையைச் சிரிக்க வச்சிட்டோம்னு. மிச்சக் கீரையை ஆய்ஞ்சு முடிச்சேன்.

இதைச் சொல்லி முடிச்சிட்டுப் புதுக் கல்லு மேல கையை வச்சேன்.

அப்புறம் சொன்னேன். "அவன் எங்கிட்ட கல்லுல எடம் கேக்கல மாமா. வீட்டுல கேட்டான். அதை நான் குடுக்கல. இதை எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. அங்க நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணாவே இருக்கட்டும்."

மாமா சட்டைப் பையிலேர்ந்து கவரை எடுத்து மேசை மேல வச்சார். யாரும் பிரிக்கலை. "தப்பு என்னுதும்மா"ன்னார். எந்தத் தப்பைச் சொன்னார்னு நான் கேக்கலை.

திரும்பி வர்றப்ப பட்டு அக்கா என் கூடவே நடந்தது. பட்டாளக் கல்லுகிட்ட வந்ததும் நின்னுது.

"வருஷத்துக்கு ஒரு நாள் கூப்பிடுறாங்க சம்பூர்ணம். அதுக்கு நான் 'இருக்கான்'னு சொல்றேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போனா யாரு இருக்கா. மிச்ச நாளெல்லாம் நானேதான் கூப்டுக்கறேன்."

"நான் அப்படிச் சொன்னதாலதானா அக்கா?"

அக்கா என் முந்தானையில ஒட்டியிருந்த சாக்கு நூலை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டது. எல்லாத்தையும் எடுத்து முடிச்சதும் கிளம்பிடுச்சு.


ஜனவரி 23, வியாழன்

கீரைக்காரி முருங்கைக் கீரை கொண்டாந்தாள். வேணாம்னேன். அக்டோபர்லேர்ந்து வாங்குறதில்லை.


ஜனவரி 24, வெள்ளி

கல்லு வந்தது. எங்க ஆட்டோவுலயே. பின் சீட்டைக் கழட்டிட்டு, பழைய மெத்தை விரிச்சு, நாலு பேர் தூக்கி ஏத்தினாங்க. வீட்டுக்காரர் பத்து கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினார். பின்னாடி வந்த பஸ்ஸுக்காரர் ஹாரன் அடிக்கலை. பட்டாளக் கல்லுகிட்ட வந்ததும் எதிராஜ் மாமா ஆட்டோவுக்கு ஒரு சல்யூட் அடிச்சார். காகிதத்துல இல்லாத சல்யூட்.

அவன் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல சாத்தி வச்சோம். சரியா பொருந்திச்சு.

வெள்ளை சிமெண்ட்ல கொஞ்சம் பெவிகால் விட்டுக் குழைச்சேன். பேந்து போன எழுத்துக்கு அப்படித்தான் செய்வேன். குச்சியால எடுத்து முதல்ல "42"ஐ நிரப்பினேன். வீட்டுல இருக்கிறவனுக்கு எதுக்கு நம்பர். அப்புறம் "சிப்பாய்". அதுல பகரத்துக்கும் காலுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் பிடிச்சது. ஈரத்துணியால வழிச்சு, காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும்.

பேருக்குப் பெயிண்டு குடுத்தேன். அந்தச் சுழியை மட்டும் மூணு தரம் செய்ய வேண்டி வந்தது. வெட்டினவன் அவசரக்காரன்.

வீட்டுக்காரர் வாசப்படியில உக்கார்ந்து, நான் முடிக்கிற வரைக்கும் டார்ச் பிடிச்சார். பகல்தான். அந்த ரூம்புல எப்பவும் வெளிச்சம் கம்மி.


ஜனவரி 25, சனி

மோருக்கு உறை ஊத்தினேன். ரெண்டு அண்டா.


ஜனவரி 26, ஞாயிறு

கொடி ஏத்தினாங்க. மாமா பேர் கூப்பிட்டார். நான் வழக்கம் போல மோர் அண்டா பக்கத்துல நின்னேன். கண்ணுசாமிக்கு ஊர் பதில் சொல்லிச்சு. வெங்கடாஜலபதிக்கு அவர் பேரன் சொன்னான். நாப்பத்தொண்ணாவதா சேகரன். பட்டு அக்கா "இருக்கான்"னுது. எப்பவும் சொல்றதை விட மெதுவா.

அதோட முடிஞ்சுது. மாமா நோட்டை மூடிட்டு அப்படியே நின்னார். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. கடைசி டம்ளரை நீட்டிக்கிட்டு, "இன்னா பாக்கறீங்க, மோர் தீர்ந்து போச்சு"ன்னேன். அண்டாவைக் கவுத்துட்டு வந்துட்டேன்.

மத்தியானம் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கிட்டே கதை சொன்னேன். மாமா பழைய யூனிபாரத்துக்குள்ள எப்படியோ புகுந்துக்கிட்டு வந்தது, கொடிக்கு நெஞ்சை நிமித்தி சல்யூட் அடிச்சப்ப நடு பட்டன் தெறிச்சுப் பறந்தது, அது நேரா பேரூராட்சித் தலைவி அம்மாவோட லட்டுத் தட்டுல போய் விழுந்தது, அந்தம்மா அதை முந்திரின்னு நினைச்சு எடுத்தது.

வீட்டுக்காரர் சிரிச்சார். வாயில சோத்தை வச்சுக்கிட்டே சிரிச்சார். தோள் குலுங்கிச்சு.

நான் கரண்டியைக் கீழ வச்சிட்டு அவர் எதிர்ல உக்கார்ந்தேன். "நெஜமாவே சிரிக்கறீங்களா"ன்னு கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஏன்?"

"சும்மா. சொல்லுங்க."

"நெஜமாத்தான்"னார்.

சிரிப்பு மெதுவா அடங்கிச்சு. அடங்கினதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அவர் மூஞ்சையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.